ஜெய்சல்மேரில் இரண்டு இரவு: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி இதுதான்: ஜனவரி நடுவில் குடும்பத்தோடு முதல் தடவையாக ஜெய்சல்மேர் போகிறார்கள். கூடவே அறுபத்தைந்து வயது அம்மா, பத்து வயதுப் பையன். முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் மாலை கிளம்ப வேண்டும். கோட்டைக்குள் தங்கலாமா, மணல்மேட்டுக் கூடாரத்தில் ஒரு இரவு கழித்தே ஆக வேண்டுமா, எல்லையோரத் தனோட் கோயிலையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குள் தங்க வேண்டாம். மணலுக்கு ஒரு மாலை போதும், ராத்திரி ஊருக்குத் திரும்பிவிடுங்கள். தனோட்டை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். இந்த ஊருக்கு வருகிறவர்களில் பலர் ஒட்டகம், கூடாரம், நடனம் என்று ஒன்றரை நாளை மணலில் செலவழித்துவிட்டு, கோட்டையை இரண்டு மணி நேரத்தில் ஓடிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மணல் பல இடங்களில் உண்டு. ஆனால் எண்ணூறு வருஷத்துக்கும் மேலாக உள்ளே ஜனங்கள் குடியிருந்துவரும் கோட்டையை வேறெங்கே போய்ப் பார்ப்பது?

திட்டம் போடும்முன் சூரியனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஊர் இது. கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் ஜனவரியில் பொழுது விடிய ஏழரை மணி ஆகிவிடும். அஸ்தமனம் ஆறு மணிக்குச் சற்றுப் பின்னால். 'காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடலாம்' என்று நினைத்தால் கும்மிருட்டில் குளிரில் நிற்பீர்கள். ராத்திரிக் குளிர் ஏழெட்டு டிகிரி வரை இறங்கும், மதியம் இருபதைத் தாண்டி இதமாக இருக்கும். எனவே கனமான கோட்டு ஒன்றைவிட, கழற்றி மாட்ட வசதியாக இரண்டு மூன்று அடுக்கு உடுப்பு நல்லது. அம்மாவுக்கு ஒரு குல்லாவும் சாக்ஸும் கட்டாயம். உதடும் குதிகாலும் முதல் நாளே வெடிக்க ஆரம்பிக்கும். கடலோர ஈரத்தில் பழகிய உடம்புக்கு அந்த வறட்சி புதிது. வாசலின் டப்பா ஒன்று பையில் இருக்கட்டும்.

போய்ச் சேர்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜெய்சல்மேரில் விமான நிலையம் உண்டு, ஆனால் சேவைகள் பருவத்துக்குப் பருவம் மாறும். டிக்கெட் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஜோத்பூர் வரை வந்து அங்கிருந்து ரயில் அல்லது கார். சாலை நன்றாக இருக்கிறது, ஐந்து மணி நேரம் போல ஆகும். வழியில் பொக்ரான் வரும். 1974-இலும் 1998-இலும் அணுகுண்டுச் சோதனை நடந்த அதே பொக்ரான்தான். 1998-இல் அப்துல் கலாம் இருந்து நடத்தியது என்று பையனிடம் சொல்லலாம், ஆனால் சோதனைத் தளத்தைப் பார்க்கவெல்லாம் முடியாது. டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

ரயிலிலோ பேருந்திலோ வந்து இறங்கியதும் ஒரு கூட்டம் சூழும். அறை ரொம்ப மலிவாகச் சொல்வார்கள். அந்த மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஒட்டகச் சவாரிதான். அவர்களிடமே சஃபாரி எடுக்கவில்லை என்றால் மறுநாளே முகம் மாறும். சண்டை போடுவதில் பயனில்லை. அறையை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, 'சஃபாரி தனியாகப் பேசிக்கொள்கிறோம்' என்று அப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இனி கோட்டைக்குள் ஏன் தங்கக் கூடாது என்பது. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

1156-இல் பாட்டி (Bhati) என்னும் ராஜபுத்திர வம்சத்து அரசர் ராவல் ஜெய்சல், பக்கத்திலிருந்த லோதுர்வாவை விட்டு இந்தத் திரிகூட மலைக்குத் தலைநகரை மாற்றினார். மலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், தரையிலிருந்து 250 அடி போல உயரும் ஒரு மேடு. அதைச் சுற்றி 99 கொத்தளங்கள். மஞ்சள் கல்லைக் கல்லோடு கல்லாகக் கோத்தே பெரும்பகுதியைக் கட்டியிருக்கிறார்கள். அடியில் இருப்பது கருங்கல் பாறை இல்லை. மணற்பாறையும் களிமண் அடுக்குகளும் கலந்த இளகிய நிலம். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத ஊரில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பெண்கள் கீழே ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்த காலம் முழுவதும் கோட்டை அசையாமல் நின்றது.

பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. அதன் பின்னாலேயே விடுதிகள், உணவகங்கள், ஒவ்வொரு அறைக்கும் கழிப்பறை, ஷவர். அவ்வளவு தண்ணீரும் வெளியேற வழி சரியாக இல்லை. அது மெல்ல மண்ணுக்குள் இறங்கிக் களிமண்ணை ஊறவைத்தது. 1990-களில் மதில்கள் சரிய ஆரம்பித்தன, உயிர்ச் சேதமும் ஆனது. உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையை 1996, 1998, 2000 என்று மூன்று முறை சேர்த்தது. 2013-இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதனால் கசிவு நின்றுவிடவில்லை. பழுது பார்க்கும் வேலைகள் நடந்திருக்கின்றன, உள்ளே விடுதிகளும் நடக்கின்றன. சில ஆயிரம் பேர் தலைமுறை தலைமுறையாக உள்ளே வாழ்கிறார்கள், அது அவர்கள் வீடு. நாம் போய் அங்கே வெந்நீரில் குளிக்க வேண்டிய அவசியமில்லை என்பதுதான் என் கட்சி. சாப்பிடுங்கள், டீ குடியுங்கள், கைவினைப் பொருள் வாங்குங்கள், அது அவர்களுக்கு வருமானம். தூங்குவதற்குக் கீழே வாருங்கள். சுயநலக் காரணமும் ஒன்று உண்டு. கோட்டைக்குள் தங்கினால் கோட்டை தெரியாது. கீழே ஊருக்குள் மொட்டைமாடி உள்ள விடுதியாகப் பார்த்துப் பிடித்தால், சாயங்காலம் வெயில் சாயச் சாய மொத்த மதிலும் நிறம் மாறுவதை அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

முதல் நாள் மாலை கடிசர் ஏரிக்குப் போங்கள். அறையில் பையை வைத்துவிட்டு நேராக அங்கேதான். கோட்டைக்கு முன்னால் ஏரியைப் பார்த்தால் இந்த ஊர் எப்படி உயிர் வாழ்ந்தது என்பது பிடிபடும். பதினான்காம் நூற்றாண்டில் ராவல் கட்சி சிங் சீரமைத்த இந்த மழைநீர்த் தேக்கம்தான் 1960-கள் வரை ஊர் முழுவதற்கும் குடிநீர். இப்போது இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வருவதால் ஏரி வற்றுவதில்லை. தண்ணீருக்குள் நிற்கும் மண்டபங்கள், கரையில் கெளுத்தி மீன்கள். பையன்கள் ரொட்டித் துண்டு போட்டால் வாயைத் திறந்துகொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். உங்கள் பையனை அங்கிருந்து கிளப்புவதுதான் சிரமம்.

ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வளைவு வாசல் வரும், தீலோன் கீ போல் என்பார்கள். தீலோன் என்ற தாசி தன் செலவில் கட்டியதாம். அவள் கட்டிய வாசலுக்கடியில் ராஜா நுழைவதா என்று எதிர்ப்பு கிளம்ப, அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கட்டி முடித்து, மேலே ஒரு கிருஷ்ணன் சந்நிதியையும் வைத்துவிட்டாள். கோயிலை இடிக்க முடியாதே! கதைதான், ஆனால் வாசலில் நின்று கேட்க நன்றாக இருக்கும். பக்கத்திலேயே பாலைவனப் பண்பாட்டு மையம் என்று சின்ன அருங்காட்சியகம், மாலையில் பொம்மலாட்டமும் உண்டு. குழந்தை இருப்பதால் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் காலை கோட்டை. இதை மாலைக்குத் தள்ளிவிடாதீர்கள், காரணம் சமணக் கோயில்கள். உள்ளே ஏழு கோயில்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, 12 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை கட்டியவை. வெளியாட்களை விடுவது பெரும்பாலும் மதியம் வரைதான். முதல் நாளே விடுதியில் நேரம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸ் எதுவும் உள்ளே கூடாது. கிளம்பும்போதே அறையில் வைத்துவிட்டால் வாசலில் நின்று தடுமாற வேண்டாம். சம்பவநாதர் கோயிலுக்கு அடியில் ஞான பண்டார் என்ற சுவடிச் சாலை இருக்கிறது. பழைய பனையோலைச் சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பனை விளையாத பாலைவனத்தில் ஓலைச்சுவடி! படையெடுப்புகள் எட்டாத மூலை, ஈரமும் கரையானும் குறைந்த காற்று, இரண்டும் சேர்ந்துதான் அவற்றைக் காப்பாற்றியிருக்கின்றன.

கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, அது ஒரு குடியிருப்பு. அரண்மனை அருங்காட்சியகத்துக்குத்தான் டிக்கெட். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாசல்களை வரிசையாகக் கடந்து ஏற வேண்டும். ஏற்றம் கல் பாவியது, காலங்காலமாக நடந்து நடந்து வழவழவென்று ஆகிவிட்டது. அம்மாவுக்கு ரப்பர் அடி உள்ள செருப்பு போடச் சொல்லுங்கள். முழங்கால் வலி இருந்தால் மேலே வரை வருவாரா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். வாசல்கள் நேர்கோட்டில் இல்லாமல் திரும்பித் திரும்பிப் போவது யானை வேகமெடுத்து வந்து கதவை முட்ட முடியாதபடி. நிமிர்ந்து பார்த்தால் மதில் விளிம்பில் பூசணிக்காய் அளவுக்கு உருண்டைக் கற்கள் வரிசையாக இருக்கும். அலங்காரம் இல்லை, கீழே ஏறி வருகிறவன் தலையில் உருட்டிவிட வைத்தவை.

அரண்மனையைப் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம். மிச்ச நேரத்தைச் சந்துகளில் செலவழியுங்கள். சில வீட்டுச் சுவர்களில் பிள்ளையார் படம் பெரிதாக வரைந்து, கீழே மணமகன், மணமகள் பெயரும் தேதியும் இந்தியில் எழுதியிருக்கும். அந்த வீட்டில் நடந்த கல்யாணத்தின் அழைப்பிதழ் அது. கல்யாணம் முடிந்தும் அழிக்க மாட்டார்கள், வருஷக்கணக்கில் வெயிலில் மங்கிக்கொண்டே இருக்கும். நடுச்சந்தில் மாடு வழிமறிக்கும். ஒதுங்கி நில்லுங்கள், அதற்கு அவசரம் கிடையாது. கடைகளில் ஹபூர் கல் என்று தொல்லுயிர்ப் புள்ளிகள் நிறைந்த கிண்ணம் விற்பார்கள். அதில் பால் ஊற்றி வைத்தால் உறையே இல்லாமல் தயிராகும் என்பார்கள். கிண்ணம் அழகு, அதற்காக வாங்கலாம். கோட்டை வாசலருகே அரசு அனுமதி பெற்ற பாங்கு கடை இருக்கிறது, பாங்கு என்பது கஞ்சா இலையை அரைத்து லஸ்ஸியில் கலக்கும் போதைப் பொருள். விளையாட்டாக வாங்கிக் குடித்துவிட்டுப் பயண நாளைத் தூங்கிக் கழிப்பவர்கள் உண்டு. குழந்தைக்கு லஸ்ஸி எங்கே வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு கேர் சாங்ரி கேளுங்கள். சாங்ரி என்பது நம் வன்னி மரத்தின் காய்தான், காயவைத்து, கேர் என்ற முட்புதரின் காயோடு எண்ணெயும் மிளகாயும் போட்டு வதக்குவார்கள். மழையில்லாத வருஷத்திலும் காய்க்கும் மரம், அதனால் பஞ்சகாலத்துக்கும் இதுதான், விருந்துக்கும் இதுதான். கம்பு ரொட்டியோடு நன்றாகச் சேரும். அப்புறம் கோட்டுவா லட்டு, கொஞ்சமாக வாங்குங்கள், நெய் அதிகம்.

இரண்டாம் நாள் பிற்பகல் மணல். எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். தார் பாலைவனம் என்றதும் கண்ணுக்கு எட்டிய தூரம் அலை அலையாக மணல் என்று நினைப்போம். வழியெல்லாம் நீங்கள் பார்க்கப்போவது கல்லும் எருக்கும் முட்புதரும் ஆட்டு மந்தையும் காற்றாலையும்தான். சாம் மணல்மேடு ஊரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் போல. மாலையில் அங்கே நூற்றுக்கணக்கில் ஜீப், ஒட்டகம், ஒலிபெருக்கி. கூடாரங்கள் என்பவை பெரும்பாலும் சிமெண்ட் தளத்தில் குளியலறையோடு வரிசையாக நிற்பவை, ஒரு முகாமின் பாட்டு முடியும்முன் அடுத்த முகாமின் பாட்டு காதில் விழும். நட்சத்திரம் பார்க்கத்தான் கூடாரம் என்றால், அவ்வளவு விளக்கு வெளிச்சத்தில் அது நடக்காது. குளிரில் அம்மாவுக்கும் அது கஷ்டம். கூட்டம் பிடிக்காதவர்கள் தென்மேற்கே குரி கிராமத்துக்குப் போகலாம். மேடுகள் சிறியவை, தூரம் சற்று அதிகம், சத்தம் குறைவு. உங்கள் இடத்தில் நானென்றால் குரிதான். ஆனால் ஒட்டக வண்டி சாமில் சுலபமாகக் கிடைக்கும், அம்மா முதுகில் ஏற வேண்டியதில்லை. அதற்காகச் சாம் போவதானால் ஜீப் கூட்டம் நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் தள்ளி விடச் சொல்லுங்கள்.

பையன் ஒட்டகத்தில் ஏறினால் ஒன்று சொல்லிவையுங்கள். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும், ஆள் முன்பக்கம் குப்புறச் சாய்வான். பின்னால் சாய்ந்து பிடியை இறுக்கிக்கொண்டால் பயமில்லை. உட்காரும்போதும் அதேதான்.

மங்கணியார் பாடகர்கள் அங்கே வருவார்கள். முஸ்லிம் குடும்பங்கள், ஆனால் தலைமுறைகளாக ராஜபுத்திர வீடுகளின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுகிறவர்கள். வில்லால் வாசிக்கும் கமாய்ச்சா, விரல்களுக்கிடையே தட்டும் கடதால், மோர்ச்சங் எல்லாம் வைத்திருப்பார்கள். கடைசியாகச் சொன்னது நம் கச்சேரி மோர்சிங்கேதான். சுற்றுலாப் பயணியைப் பார்த்ததும் சினிமாப் பாட்டு பாடுவார்கள். 'உங்கள் வீட்டுப் பாட்டு ஏதாவது பாடுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள், குரல் வேறு மாதிரி எழும். பணம் எவ்வளவு என்பதை மட்டும் பாடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

சாம் போகும் வழியில் சற்று உள்ளே விலகினால் குல்தரா. பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுப்போன கிராமம், கூரையில்லாத வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. கொடுமைக்கார திவான் சாலிம் சிங் கிராமத் தலைவரின் மகளைக் கேட்டதால், 84 கிராமங்களும் ஒரே ராத்திரியில் சாபம் போட்டுவிட்டு வெளியேறின என்பார்கள். பேய்க் கதையும் சேர்ப்பார்கள். கிணறுகள் வற்றியதும் வரிச்சுமையும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது என்பதுதான் நம்பும்படி இருக்கிறது. பேயைவிட அந்த மக்கள் செய்த விவசாயம் சுவாரசியம். பாறை நிலத்தில் விழும் மழையெல்லாம் ஓடிவந்து சேரும் பள்ளத்தில் குறுக்கே ஒரு கரை போடுவார்கள், கதீன் என்று பெயர். தண்ணீர் தேங்கி மண்ணில் ஊறியதும், அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் கோதுமை விதைப்பார்கள். இந்த மழையை வைத்துக்கொண்டு கோதுமை! குல்தராவுக்கு அரை மணி போதும், இருட்டும்முன் மணலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்தப் பக்கமெல்லாம் பாலைவன தேசியப் பூங்காவின் விளிம்பு. உலகில் மிஞ்சியிருக்கும் கானமயில்களில் பெரும்பாலானவை இந்த மாவட்டத்தில்தான். தற்செயலாகக் கண்ணில் படும் பறவை அல்ல. பறவை பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அதற்குத் தனிப் பயணம் வேண்டும்.

மூன்றாம் நாள் காலை ஹவேலிகள், அதாவது அந்தக் காலத்துச் செல்வர்களின் மாளிகை வீடுகள். பட்வா ஹவேலி ஐந்து வீடுகளின் தொகுதி. குமான் சந்த் பட்வா என்ற வணிகர் 1805-இல் ஆரம்பித்தார், ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து வீடு. ஒன்றில் தனியார் அருங்காட்சியகம், இன்னொரு பகுதி அரசு வசம். இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட், நேரம் குறைவென்றால் ஒன்றுக்குள் போய்விட்டு மற்றதை வெளியே நின்று பார்த்தால் போதும். நத்மல் ஹவேலி 1885-இல் முடிந்தது. ஹாத்தி, லாலு என்ற இரண்டு அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் செதுக்கினார்களாம். எதிரே நின்று இடது பக்க மாடத்தையும் வலது பக்க மாடத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள், தூரத்தில் ஒரே மாதிரி தெரிந்தது கிட்டே போகப்போக வேறாகும். பையனிடம் 'எத்தனை வித்தியாசம்' என்று போட்டி வைக்கலாம். சாலிம் சிங் ஹவேலி வெளியிலிருந்து பார்த்தாலே போதும், அடியில் ஒடுங்கி மேலே மயில் தோகை போல விரியும்.

இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது என்று பையன் கேட்டால்: சிந்து வழியாக மேற்கே போன ஒட்டக வணிகப் பாதை. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் சரக்கு கடல்வழிக்கு மாறியது, 1947-இல் எல்லை விழுந்து மிச்சமும் அடைபட்டது. பணம் போனதால்தான் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் வசதியில்லாமல் போய், நமக்கு மிஞ்சியிருக்கின்றன. ரயிலே 1960-களில்தான் வந்தது.

நேரம் மிஞ்சினால் வடக்கே ஆறு கிலோமீட்டரில் படா பாக், அரச குடும்பத்தின் நினைவு மண்டபங்கள். பின்னால் காற்றாலைகள் சுழலும், புகைப்படத்துக்கு நல்ல இடம். லோதுர்வா பழைய தலைநகரம், இப்போது சமணக் கோயில் மட்டும்தான். சமணக் கோயில்களைக் கோட்டையிலேயே பார்த்துவிட்டதால் அதை விடலாம்.

தனோட்டுக்கு வருகிறேன். போக மட்டுமே 120 கிலோமீட்டர் போல. 1965 போரில் கோயிலைச் சுற்றி விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை என்பது நம்பிக்கை, எல்லைப் பாதுகாப்புப் படையினர்தான் பூசையும் பராமரிப்பும். வழியில் 1971 டிசம்பர் போர் நடந்த லோங்கேவாலா. பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் போய்வர ஒரு முழு நாள் ஆகும், உங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு முழு நாள். அதைக் காரில் உட்கார்ந்தே கழித்தால் அம்மாவுக்கும் இடுப்பு போய்விடும், கோட்டையும் போய்விடும். பையனுக்கு டாங்கி பார்க்கும் ஆசை இருந்தால் ஜோத்பூர் சாலையில் ராணுவத்தின் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. காரில் திரும்புவதானால் போகிற வழியிலேயே வரும், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ரயில் என்றால் மூன்றாம் நாள் மதியம் ஆட்டோ பேசிப் போய்வந்துவிட்டு, பையை விடுதியிலிருந்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பலாம்.